ஒரே மாதிரி நிற்கும் இரண்டு ‘பிளிமத் குடா’ கார்களில் ஒன்றுக்கு மட்டும் ஏன் பல மடங்கு விலை?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். மிச்சிகனில் ஒருவர் சொந்தமாகச் சேர்த்து வைத்திருக்கும் பழைய அமெரிக்க மசில் கார்களை, அதாவது சாதாரணக் காரில் பெரிய இன்ஜின் வைத்த வேக வண்டிகளை, பார்க்கப் போனீர்கள். கொட்டகைக்குள் முப்பது வண்டிகள். அவற்றில் 1970ஆம் ஆண்டு பிளிமத் குடா இரண்டு, ஒரே ஆரஞ்சு நிறத்தில், அருகருகே நின்றன. இரண்டின் பானெட்டிலும் ‘ஹெமி’ என்று எழுதியிருந்தது. ஒன்றைவிட மற்றது பல மடங்கு விலை போகும் என்றார் உரிமையாளர். உங்கள் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏன் அப்படி? அடுத்த முறை போனால் எதைப் பார்க்க வேண்டும்?

டெட்ராய்ட் பக்கம் இன்ஜின் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களோடு பழகி, அவர்கள் கொட்டகைகளில் நிறைய சனிக்கிழமைகளைக் கழித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அந்த விலை தகட்டுக்கோ பெயிண்டுக்கோ இல்லை. அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது என்னவாக இருந்தது என்பதற்கும், அதை நிரூபிக்கும் எண்களுக்கும் தாள்களுக்கும்தான் விலை. மனிதர்களுக்கு ஜாதகம் போல இந்த வண்டிகளுக்கும் ஒன்று உண்டு. ஒரு சேகரிப்பைப் பார்ப்பதென்றால் அந்த ஜாதகங்களைப் படிப்பதுதான்.

இது ஏன் என்று புரிய, மசில் கார் பிறந்த கதைக்குப் போக வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது: நடுத்தர அளவு கார்களில் 330 கியூபிக் இன்ச்சுக்கு மேல், அதாவது சுமார் 5.4 லிட்டருக்கு மேல், இன்ஜின் வைக்கக் கூடாது. அந்த நிறுவனத்தின் பான்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டிலோரியன். பெரிய காருக்கென்று இருந்த 389 கியூபிக் இன்ச் இன்ஜினை டெம்பெஸ்ட் என்ற நடுத்தர காரில் போட்டுப் பார்த்தார்கள் அவரும் அவருடைய ஆட்களும். சிறிய இன்ஜினைத் தாங்கிய அதே மவுண்ட்டுகளில் அது அப்படியே உட்கார்ந்தது. புது மாடல் என்று சொன்னால் தலைமையகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அதனால் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த காருக்கு ஒரு கூடுதல் ஆப்ஷன் என்று எழுதினார்கள். விலை 300 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. பெயர் ஜி.டி.ஓ. 1964ஆம் ஆண்டு மாடலில் 5,000 விற்றாலே அதிகம் என்று விற்பனைப் பிரிவு கணக்குப் போட்டது. விற்றது 32,450.

இங்கே கவனியுங்கள். மசில் கார் என்ற வகையே ஆர்டர் தாளில் போட்ட ஒரு டிக் குறியில்தான் பிறந்தது. வெளியே சாதாரணக் குடும்பக் கார், உள்ளே அதற்குச் சம்பந்தமில்லாத பெரிய இன்ஜின். ஒரு ஃபெராரியை எங்கே பார்த்தாலும் ஃபெராரி என்று தெரியும். ஆனால் 1964, 1965 ஜி.டி.ஓ.வை டெம்பெஸ்ட்டின் சாதாரண ரகமான லெமான்ஸிலிருந்து பிரித்துச் சொல்ல சேசிஸ் நம்பர்கூட உதவாது, ஏனென்றால் அப்போது அது வெறும் ஆப்ஷன். 1966இல் தனி மாடலாக ஆன பிறகுதான் அதன் நம்பர் 242 என்று தொடங்குகிறது. பத்து வண்டி பார்த்தால் ஒன்றிரண்டாவது பிற்பாடு யாரோ ‘ஜி.டி.ஓ.’ ஆக்கியதாக இருக்கலாம் என்ற சந்தேகம் அந்த நாளிலிருந்தே கூட வருகிறது.

இப்போது உங்கள் குடாவுக்கு வருகிறேன். ‘ஹெமி’ என்பது ஹெமிஸ்பியர், அரைக்கோளம். சிலிண்டரின் மேலே எரிபொருள் எரியும் குழி அரைக்கோள வடிவில் இருக்கும். உள்ளே விடும் வால்வும் வெளியே விடும் வால்வும் எதிரெதிராகச் சாய்ந்து நிற்க, ஸ்பார்க் பிளக் கிட்டத்தட்ட நடுவில் உட்காரும். அதனால் வால்வுகளைப் பெரிதாக வைக்கலாம், காற்று தாராளமாக உள்ளே போகும். பிளிமத்தின் தாய் நிறுவனமான கிரைஸ்லர் 426 கியூபிக் இன்ச், அதாவது 7 லிட்டர் ஹெமியைப் பந்தயத்துக்காகவே செய்தது. 1964 பிப்ரவரியில் டேடோனா 500 பந்தயத்தில் அதை இறக்கியது. முதல் மூன்று இடமும் அதற்கே; முதலில் வந்தவர் ரிச்சர்ட் பெட்டி. பொதுமக்கள் வாங்க முடியாத இன்ஜின் என்று அமெரிக்கக் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்கார் 1965இல் அதைத் தடுத்தது. அதற்குப் பதிலாகத்தான் 1966இல் ‘தெரு ஹெமி’ கடைக்கு வந்தது. நிறுவனம் காட்டிய கணக்கு 425 குதிரைத்திறன். ஒவ்வொன்றிலும் நாலு காற்றுக் குழாய் உள்ள கார்புரேட்டர்கள் இரண்டு.

1970 குடாவில் அந்த இன்ஜின் வேண்டுமென்றால் கூடுதலாக 871 டாலர். மொத்தக் காரே 3,200 டாலரை ஒட்டிய விலையில் இருந்த காலம். அதோடு இன்சூரன்ஸ்காரர்கள் இளைஞர்களிடம் கேட்ட பிரீமியம் பல பேருக்குக் கார்க் கடன் தவணையைவிடக் கனமாக இருந்தது. அந்த வருடம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பாராகுடாக்கள் விற்றன; குடா என்பது பாராகுடாவின் வேக ரகம். அவற்றில் ஹெமி போட்ட கூரை வைத்த குடா 652 மட்டும். மடக்குக் கூரை வைத்தவை 14. அடுத்த வருடம் மடக்குக் கூரையில் வெறும் 11. அந்தப் பதினொன்றில் ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது.

ஒரு சாதாரணப் பாராகுடாவை வாங்கி, ஹெமி இன்ஜினைத் தேடிப் போட்டு, பானெட்டை மாற்றி, ஸ்டிக்கர் ஒட்டினால் வெளியே இருந்து யாருக்கும் தெரியாது. ஓட்டும்போதும் அதே உறுமல், அதே இழுவை. இதை ‘குளோன்’ என்பார்கள், மரியாதையாக ‘ட்ரிபியூட்’ என்பார்கள். குளோன் என்று சொல்லியே வைத்திருந்தால் அதில் எந்தத் தவறும் இல்லை. உங்களிடம் பேசிய உரிமையாளர் தானாகவே வித்தியாசத்தைச் சொன்னார் பாருங்கள், அதற்காக அவர்மீது எனக்கு மரியாதை வருகிறது.

அடுத்த முறை போகும்போது ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடி வழியே டேஷ்போர்டின் ஓரத்தைப் பாருங்கள். சிறிய தகடு இருக்கும். கிரைஸ்லர் வண்டிகளில் அந்த நம்பர் வாய் திறந்து பேசும். பிஎஸ்23ஆர்0பி என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பி’ பாராகுடா, ‘எஸ்’ அதில் குடா ரகம், 23 இரண்டு கதவு, கூரை உள்ளது, 0 என்பது 1970, கடைசி ‘பி’ டெட்ராய்ட்டை ஒட்டிய ஹேம்ட்ராம்க் தொழிற்சாலை. நடுவே நிற்கும் அந்த ‘ஆர்’தான் 426 ஹெமி. 23க்குப் பதில் 27 என்றிருந்தால் மடக்குக் கூரை. அப்படி 27உம் ‘ஆர்’உம் சேர்ந்த 1970 நம்பர் உலகத்தில் பதினான்கு வண்டிக்குத்தான் உண்டு. உங்கள் இரண்டு குடாக்களில் ஒன்றின் ஐந்தாவது எழுத்து ‘ஆர்’ ஆக இருந்திருக்கும், மற்றதில் வேறு எழுத்து இருந்திருக்கும். விலை வித்தியாசம் முழுவதும் அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது.

நம் ஊரில் பழைய வண்டி வாங்கும்போது சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போமே, அதேதான் இங்கும். அவர்கள் ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்பார்கள். காரின் வரிசை எண்ணில் ஒரு பகுதி இன்ஜின் பிளாக்கிலும் கியர்பாக்ஸிலும் குத்தப்பட்டிருக்கும். ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டிலும், சில மாடல்களில் டிக்கியின் ரப்பர் பட்டைக்கு அடியிலும்கூட கிரைஸ்லர் குத்தியது. எல்லாம் ஒத்துவந்தால் அந்த வண்டி பிறந்த உடலோடும் பிறந்த இதயத்தோடும் இருக்கிறது என்று பொருள்.

ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவ்ரலே வண்டிகளில்தான் உண்மையான தலைவலி. அந்தக் காலத்து ஷெவ்ரலே சேசிஸ் நம்பர் வி8 இன்ஜினா, ஆறு சிலிண்டரா என்பதோடு நின்றுவிடும். எந்த வி8 என்று சொல்லாது. ஷெவெல் என்ற நடுத்தர காரில் எல்.எஸ்.6 என்ற இன்ஜின் போட்ட 1970 எஸ்.எஸ். 454 என்றால் 7.4 லிட்டர், 450 குதிரைத்திறன். அந்த வருடம்தான் ஜெனரல் மோட்டார்ஸ் நடுத்தர கார்களுக்கான இன்ஜின் வரம்பை எடுத்தது. அப்படிப்பட்ட வண்டியும் சாதாரண ஷெவெல்லும் நம்பரில் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே எல்லாச் சுமையும் இன்ஜினின் முன்பக்கத்தில், பயணி பக்கத்து சிலிண்டர் தலைக்குக் கீழே இருக்கும் விரலளவு சமதளத்தின் மேல் விழுகிறது. அங்கே குத்தியிருக்கும் எழுத்துகளில் கடைசி மூன்று சி.ஆர்.வி. என்றிருந்தால் நாலு கியர் எல்.எஸ்.6. இது எல்லோருக்கும் தெரியும் என்பதால் பழைய எழுத்தை அரைத்துவிட்டுப் புதிதாகக் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் அந்த இடத்தைச் சீவிய இயந்திரம் ஒரே திசையில் மெல்லிய கோடுகளை விட்டுப் போயிருக்கும். அரைத்தால் அந்தக் கோடுகள் அழியும். கைதேர்ந்தவர்கள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எழுத்துகளைப் படிப்பதற்கு முன் அந்தக் கோடுகளைத்தான் தேடுவார்கள்.

தாள்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். கார் அசெம்பிளி லைனில் நகரும்போது எந்த இன்ஜின், எந்த அச்சு, எந்த சீட் என்று வேலையாட்களுக்குச் சொல்ல ஒரு தாள் கூடவே வரும். வேலை முடிந்ததும் யாரும் அதைப் பத்திரப்படுத்தவில்லை. பின் சீட்டு ஸ்பிரிங்குக்குள் சொருகினார்கள், கம்பளத்துக்கு அடியில் விட்டார்கள், பெட்ரோல் டேங்க்கின் மேலே ஒட்டினார்கள். நாற்பது, ஐம்பது வருடம் கழித்து ஒருவர் சீட்டைக் கழற்றும்போது எலி கடித்து, மஞ்சளாகி, நாலாக மடிந்து கிடைக்கிறது. ஒரு முறை நான் பக்கத்தில் நின்றபோதே அப்படி ஒன்று கிடைத்தது. பிரிக்கவே பயந்து, இரண்டு ஸ்பேச்சுலாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் பார்த்தால் அது வேறொரு காரின் தாள். லைனில் அடுத்தடுத்து வந்த வண்டிகளுக்கிடையே அப்படி மாறிப் போவதும் உண்டு. அந்தக் கொட்டகையில் அன்று யாரும் சாப்பிடவில்லை.

ஃபோர்டு வண்டிகளுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. 1967 மாடல் முதல் தயாரிப்புப் பதிவுகள் தப்பிப் பிழைத்து, அவற்றிலிருந்து ‘மார்ட்டி ரிப்போர்ட்’ என்ற அறிக்கையை வாங்கலாம். பான்டியாக்குக்கும் இதுபோல் பழைய பில் நகல்கள் கிடைக்கின்றன. அதனால் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் தாள்களைக் கடந்து போகாதீர்கள். வண்டியைவிட முதலில் அவற்றைப் படிப்பவரைப் பார்த்ததும் உரிமையாளரின் முகம் மாறும். அதற்குப் பிறகு அவர் உங்களிடம் பேசும் விதமே வேறாக இருக்கும்.

சில அரிய வண்டிகள் அந்தக் காலத்தில் யாருக்கும் வேண்டாதவையாக இருந்தன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1969 ஷெவ்ரலே கமாரோவில் 7 லிட்டர் இன்ஜின் விற்பதில்லை என்பது ஜெனரல் மோட்டார்ஸின் விதி. ஆனால் டாக்ஸி, போலீஸ் வண்டிகளுக்குத் தனி ஆர்டர் எடுக்கும் ‘கோப்போ’ என்ற வழி ஒன்று இருந்தது. இலினாய்ஸ் மாநிலம் லா ஹார்ப் என்ற சிற்றூரில் கடை வைத்திருந்த ஃபிரெட் கிப் அந்த வழியில் முழு அலுமினியத்தாலான இசட்.எல்.1 இன்ஜின் போட்ட கமாரோ 50 கேட்டார். இன்ஜினுக்கு மட்டும் 4,160 டாலர் என்று பில் வந்தபோது திகைத்துப் போனார். காரின் விலை 7,000 டாலரைத் தாண்டிவிட்டது. விற்க முடியாமல் பெரும்பகுதியை நிறுவனத்திடமே திருப்பி அனுப்பினார். மொத்தம் செய்தது 69. இன்று ஒரு சேகரிப்பில் அது இருந்தால் மற்ற வண்டிகளை அதைச் சுற்றித்தான் நிறுத்துவார்கள்.

1970 பிளிமத் சூப்பர்பேர்டின் கதியும் அதுதான். கூர்மூக்கு, தலைக்கு மேலே நிற்கும் பின்னிறக்கை. நாஸ்கார் பந்தயத்தில் ஓட்ட வேண்டுமென்றால் பொதுமக்களுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கை விற்க வேண்டும் என்ற விதிக்காகச் சுமார் 1,900 செய்தார்கள். அதன் அண்ணனான 1969 டாட்ஜ் சார்ஜர் டேடோனாவைப் போன்ற ஒன்றில்தான் பந்தய ஓட்டுநர் பட்டி பேக்கர் 1970 மார்ச்சில் டல்லடேகா வட்டப் பாதையில் மணிக்கு 200 மைலைக் கடந்தார். ஆனால் கடைத்தெருவில் சூப்பர்பேர்டு மாதக்கணக்கில் நின்றது. சில டீலர்கள் மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டு ரோடு ரன்னர் என்ற சாதாரண பிளிமத் காராக விற்றார்கள். அந்த மூக்கையும் இறக்கையையும் தேடி மறுபடி மாட்டியவர்கள்தான் பிற்காலச் சேகரிப்பாளர்கள்.

இந்தக் காலம் சீக்கிரமே முடிந்தது. 1970இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1971 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின்களின் கம்ப்ரஷனை, அதாவது எரிவதற்கு முன் சிலிண்டருக்குள் அழுத்தும் அளவை, குறைத்தது. தெரு ஹெமிக்கு அதுவே கடைசி வருடம். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஏற்கெனவே உயிர் போயிருந்தது. பிறகு பத்து வருடம் இவை வெறும் பெட்ரோல் குடிக்கும் பழைய கார்கள். சில நூறு டாலருக்குக் கைமாறின, பனிக்கால உப்பில் துருப்பிடித்தன, பந்தயத்தில் உடைந்தன. இன்று சேகரிப்புகளில் இருப்பது அதில் மிஞ்சியவைதான்.

அதனால்தான் நான் எப்போதும் கொட்டகையின் மூலையில் மங்கலாக நிற்கும் வண்டியை முதலில் தேடுவேன். மீண்டும் பெயிண்ட் அடிக்காத, அசல் சீட்டு கிழிந்த, பானெட்டுக்கு அடியில் தொழிற்சாலைக்காரர் போட்ட சாக்பீஸ் குறி இன்னும் தெரிகிற வண்டி. ‘சர்வைவர்’ என்பார்கள். 1980, 90களில் செய்த டிங்கரிங், பெயிண்டிங் வேலைகளைப் பார்த்தால் கண்ணாடிபோல் மின்னும். அந்த மினுமினுப்பு அசல் காரில் ஒருநாளும் இருந்ததில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் அக்ரிலிக் லாக்கர் அடித்தது, கிரைஸ்லர் எனாமல் அடித்தது. கதவு இடைவெளிகள் சீராக இருக்காது, டிக்கிக்குள் ஸ்பிரே தெறித்திருக்கும். அந்தத் தெறிப்பு எங்கெங்கே இருக்க வேண்டும் என்று இப்போது மறுசீரமைப்புப் பட்டறைகள் தெரிந்துகொள்வதே தொடாத வண்டிகளைப் பார்த்துத்தான். அவற்றையும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் பார்த்து எழுத மூலப்பிரதி இருக்காது. நல்ல சர்வைவர் ஒன்றைப் பிரித்துப் புதிதாக்குவதை நான் குற்றமாகவே கருதுகிறேன்.

1968இல் ‘புல்லிட்’ படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் சான் பிரான்சிஸ்கோ மேட்டுத் தெருக்களில் துரத்திய காட்சிக்குப் பயன்பட்ட பச்சை மஸ்டாங் இதற்கு நல்ல சாட்சி. 1974இல் ஒரு குடும்பம் அதை 6,000 டாலருக்கு வாங்கியது. அந்த வீட்டு அம்மா அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூட வேலைக்குப் போனார். பிறகு அது கொட்டகைக்குள் பல வருடம் நின்றது. யாரும் புதிதாக்கவில்லை, கேமரா பொருத்தப் பற்றவைத்த குழாய்கள்கூட அடியில் அப்படியே இருந்தன. 2020 ஜனவரியில் புளோரிடா ஏலத்தில் 34 லட்சம் டாலருக்கு விற்றது, கீறலும் துருவும் உட்பட.

பெரிய எண்ணிக்கை எனக்கு அவ்வளவாகப் பெரிதில்லை. புளோரிடாவின் புன்டா கோர்டாவில் மசில் கார் சிட்டி என்ற இடத்தில் சுமார் 200 வண்டிகள் இருந்தன, பெரும்பாலும் ஜெனரல் மோட்டார்ஸ். 2021 ஜனவரியில் இரண்டே நாள் ஏலத்தில் எல்லாம் திசைக்கொன்றாகப் போயின. அலபாமாவின் அலெக்ஸாண்டர் சிட்டியில் உருவான வெல்போர்ன் சேகரிப்பின் போக்கு வேறு. 1971 ஹெமி சார்ஜர் என்ற ஒரே விஷயத்தில் ஆழமாக இறங்கியதுதான் அதன் புகழுக்குக் காரணம். ஒரே மாடலில் நாலைந்து வண்டியை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் தொழிற்சாலை எதை எப்போது மாற்றியது என்று தெரியும். முப்பது விதத்தில் ஒவ்வொன்று வைத்திருப்பதால் அது தெரியாது. தாள்களும் படங்களும் வண்டியோடு சேர்ந்து அடுத்தவருக்குப் போகிறதா என்பதும் முக்கியம். ஏலத்தில் பிரியும்போது முதலில் தொலைவது அவைதான்.

கடைசியாக, இவற்றை ஓட்டுகிறார்களா என்று கேளுங்கள். நிறுத்தியே வைத்தால் கார்புரேட்டர் கிண்ணம் காய்ந்து பிசினாகும். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது இன்னும் மோசம், சைலன்ஸருக்குள் தண்ணீர் சேர்ந்து உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இன்ஜின் முழுச்சூடு ஏறும்வரை சாலையில் ஓட்ட வேண்டும். எல்.எஸ்.6இன் கம்ப்ரஷன் 11.25க்கு 1 என்பதால் பங்க்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் ‘நாக்’ அடிக்கும், அதிக ஆக்டேன் பந்தயப் பெட்ரோல் கலக்க வேண்டும். கேம் ஷாஃப்ட் தேயாமலிருக்கத் துத்தநாகச் சத்து கூடுதலான ஆயில் வேண்டும். இதையெல்லாம் உரிமையாளர் தயங்காமல் சொன்னால் அந்தச் சேகரிப்பு நல்ல கையில் இருக்கிறது.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்துக்கு அவர் வண்டி எடுத்துக்கொண்டு போவாரா என்று கேட்டுப் பாருங்கள். போவார் என்றால் முந்தின நாள் காலையிலேயே கொட்டகைக்கு வந்துவிடலாமா என்று அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ‘ஆர்’ எழுத்துக் குடாவை இன்ஜின் சூடேறாத நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது பின்னால் நில்லுங்கள். முதல் அரை நிமிடம் எரியாத பெட்ரோல் வாசனை கண்ணைக் கரிக்கும், சீரில்லாத தடதடப்பில் தரை அதிரும். பானெட் ஓட்டை வழியே மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுப் பெட்டி இன்ஜினோடு சேர்ந்து ஆடுவதை அப்போது பார்க்கலாம். அது பானெட்டில் இல்லை, இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் அதற்கு ‘ஷேக்கர்’ என்று பெயர்.